ஆயில் எப்ப மாத்தணும்? கிலோமீட்டர் மட்டும் பாத்தா பத்தாது

கார சர்வீஸ் விட்டு எடுத்தா முன் கண்ணாடி ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அடுத்த இன்ஜின் ஆயில் இத்தனையாவது கிலோமீட்டர்ல மாத்தணும்னு. அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா ஒட்டினவருக்கே தெரியாது. தெருமுனை ஒர்க்‌ஷாப்ல 5,000ன்னு எழுதுவாங்க, கம்பெனி சர்வீஸ்ல 10,000ம்பாங்க, யூட்யூப்ல ஒருத்தர் ஃபுல் சிந்தெடிக் (செயற்கையா தயாரிச்ச ஒசத்தி ஆயில்) ஊத்திட்டா 15,000 வரைக்கும் திரும்பியே பாக்க வேணாம்னு சத்தியம் பண்ணாத குறையா பேசுறார். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நாமதான்.

5,000ங்கிற கணக்கு சும்மா வந்ததில்ல. அம்பாசடர் ஓடின காலத்துல மினரல் ஆயில்தான், அதாவது கச்சா எண்ணெய்லேர்ந்து சுத்திகரிச்சது, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50ன்னு (ஆயில் எவ்ளோ கெட்டின்னு சொல்ற கிரேடு நம்பர் இது) கெட்டியா இருக்கும், கார்புரேட்டர் வேற தேவைக்கு மேல பெட்ரோல விட்டு அதுல கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியா இறங்கி ஆயில்லயும் கலந்துடும், அப்ப சீக்கிரம் மாத்தினது நியாயம்தான். இன்னிக்கு பெட்ரோல அளந்து விடற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்து, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30ன்னு நல்ல சிந்தெடிக் ஆயிலும் வந்தாச்சு. அமெரிக்காலயும் இதே கததான், 3,000 மைலுக்கு ஒரு தடவன்னு, அதாவது நம்ம கணக்குல 4,800 கிமீ சொச்சம், கார் கம்பெனிங்களே மேனுவல்ல அத விட ரொம்ப அதிகமா போட்ட பிறகும் ஜனங்க அந்த பழக்கத்த விடல.

சரி, மேனுவல் என்ன சொல்லுது? மாருதி, ஹூண்டாய் மாதிரி நம்ம ஊர் பெட்ரோல் கார்கள்ல பெரும்பாலும் 10,000 கிமீ இல்லன்னா 12 மாசம், ரெண்டுல எது முதல்ல வருதோ அது. இந்த வரிய எல்லாரும் படிச்சிருப்போம். அதுக்குப் பக்கத்துலயே, இல்ல ரெண்டு பக்கம் தள்ளி, கடுமையான உபயோகம்னு இன்னொரு அட்டவணை இருக்கும், அத யாரும் படிக்கறதில்ல. அடிக்கடி குறைஞ்ச தூரம் ஓட்டறது, நின்னு நின்னு போற டிராஃபிக், ரொம்ப நேரம் ஐடில்ல, அதாவது நின்ன இடத்துலயே இன்ஜின ஓட விடறது, புழுதி ரோடு, இதெல்லாம் இருந்தா சீக்கிரம் மாத்துன்னு அதுல இருக்கும். சென்னையில கார் வச்சிருக்கறவன் அந்த லிஸ்ட்ட படிச்சா தன் ஜாதகத்தப் படிச்ச மாதிரியே இருக்கும்.

நான் சொல்ல வர்றது இதுதான், கிலோமீட்டர விட இன்ஜின் எத்தன மணி நேரம் ஓடுச்சுங்கிறதப் பாருங்க. இப்ப நிறைய கார்ல மீட்டர்ல ஆவரேஜ் ஸ்பீட் காட்டுது. என் கார்ல ஆபீஸ் போற வாரங்கள்ல 18க்கு மேல ஏறவே ஏறாது, ஓஎம்ஆர்ல சிக்னலுக்கு சிக்னல் ஏசியப் போட்டுக்கிட்டு நிக்கறவங்களுக்குத் தெரியும். 18 கிமீ வேகத்துல 10,000 கிமீ ஓடணும்னா இன்ஜின் 556 மணி நேரம் ஓடியிருக்கணும். இதே கோயம்புத்தூர்லேர்ந்து சேலத்துக்கு ஹைவேல போய் வந்துட்டு இருக்கறவர் ஆவரேஜ் 60ன்னு வச்சுக்கோங்க, அதே 10,000 கிமீக்கு அவர் இன்ஜின் 167 மணி நேரம்தான் ஓடியிருக்கும். மூணு மடங்குக்கு மேல வித்தியாசம், ஆனா ரெண்டு பேர் ஸ்டிக்கர்லயும் ஒரே நம்பர்! அந்த ஹைவேக்காரர் 5,000லயே மாத்தறது சுத்தமா வேஸ்ட், ஆயில் ஃபில்டர் லேபர்னு ரெண்டாயிரம் மூவாயிரம் தண்டம்.

இதுக்கு நேர் எதிர் கேஸ் எங்க மாமா, அதாவது மாமனார். குன்னூர்ல இருக்கார். வண்டி மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகும், அதுவும் ரெண்டு மூணு கிலோமீட்டர், மத்தபடி ஷெட்டுதான். "ரெண்டு வருசத்துல அஞ்சாயிரம் கூட ஓடல, எதுக்கு மாப்ள ஆயில் மாத்தணும்"னு கேட்டார். நான் பதில் சொல்லாம பானெட்டத் தூக்கி ஆயில் ஊத்தற மூடியத் திருகி எடுத்து அடிப்பக்கத்த அவர்கிட்ட காட்டினேன், வெளிர் மஞ்சளா கொழகொழன்னு அப்பியிருந்துச்சு. விரல்ல தொட்டுப் பாத்துட்டு "என்ன மாப்ள இது"ன்னார். தண்ணியும் ஆயிலும் கலந்தா அப்படித்தான் ஆகும். பெட்ரோல் எரியும்போது நீராவி வரும், அதுல கொஞ்சம் கீழ ஆயில் பக்கம் இறங்கும், இன்ஜின் நல்லா சூடாகி கொஞ்ச நேரம் ஓடினா அது ஆவியாப் போயிடும். ரெண்டு கிலோமீட்டர்ல, அதுவும் அந்த குளிர்ல, ஆயில் எங்க சூடாகறது? அந்த ஈரம் உள்ளயே தங்கி இன்ஜினக் காக்க ஆயில்ல சேர்த்திருக்கற மருந்தெல்லாம் செத்துப் போயிடும். (கூலன்ட் அளவையும் பாத்துக்கங்க, அதுவும் குறைஞ்சுட்டே வந்தா ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல், பழுதாகி கூலன்ட் ஆயில்ல கலக்கற பிரச்சனையா இருக்கலாம், மாமா வண்டில கூலன்ட் சரியாத்தான் இருந்துச்சு.) கம்மியா ஓடற வண்டிக்கு கிமீய மறந்துட்டு காலண்டரப் பாக்கணும், வருசத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா, அவ்ளோதான். வாரம் ஒரு நாள் மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கி ஏறுங்கன்னு சொன்னேன், பெட்ரோல் செலவுன்னு அத்தை சிரிக்கிறாங்க.

என் காருக்கு நான் வச்சுக்கிட்டது 7,000 கிமீ இல்லன்னா பத்து மாசம். இதுக்கு சயின்ஸ் எதுவும் இல்ல, மேனுவல் நம்பர்லேர்ந்து டிராஃபிக்குக்கு கொஞ்சம் கழிச்சது. வாரன்டில இருக்கற வண்டின்னா மேனுவல் சொன்னத தாண்டாதீங்க, முன்னாடி மாத்தினா யாரும் கேக்க மாட்டாங்க, தள்ளிப் போட்டாதான் கேள்வி வரும்.

கலர் பாத்து முடிவு பண்றத மட்டும் விட்டுருங்க. ஆயில் கருத்துடுச்சு சார்னு டிப்ஸ்டிக்க நீட்டுவாங்க, அழுக்கப் பிடிச்சு வச்சுக்கறதே ஆயிலோட வேலைதான், கருக்காம என்ன பண்ணும். டீசல்ல புது ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கரி மாதிரி ஆயிடும். டிப்ஸ்டிக்ல பாக்க வேண்டியது அளவு. சமதரையில வண்டி நிக்கணும், காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி உருவித் துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்க, ரெண்டு குறிக்கு நடுவுல இருக்கணும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) டீசல் வச்சிருந்தா இது ரொம்ப முக்கியம், ஏன்னா அளவு குறையறதுக்குப் பதிலா ஏறலாம். புகை ஃபில்டர்ல சேர்ற கரிய எரிக்க நிறைய வண்டி எக்ஸ்ட்ரா டீசல் அடிக்கும், சிட்டிக்குள்ளயே ஓட்டி அந்த எரிப்ப பாதில நிறுத்திட்டே இருந்தா அந்த டீசல் ஆயில்ல வந்து சேரும். மேல் குறிய தாண்டிடுச்சுன்னா கிலோமீட்டர் எவ்ளோன்னு பாக்காம போய் மாத்திடுங்க.

மாத்தும்போது முடிஞ்சா பக்கத்துல நில்லுங்க. சீல் உடைக்காத கேன், மேனுவல்ல போட்டிருக்கற அதே கிரேடு, புது ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்கு புது வாஷர், இத பாத்தா போதும். இன்ஜின் ஃப்ளஷ், அதாவது பழைய ஆயில்ல கலந்து இன்ஜின் உள்பக்கத்தக் கழுவற திரவம், போடலாமான்னு கேப்பாங்க, ஒழுங்கா ஆயில் மாத்திட்டு வர்ற வண்டிக்கு அது தேவையே இல்ல, வேணாம்ணான்னு சொல்லிட்டு பில்லப் போடச் சொல்லுங்க.