முதல் மாதமும் கடைசி மாதமும்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாடகை வீடு தேடத் தொடங்கினால் முதலில் காதில் விழுவது "ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்". முதல் மாத வாடகை, அதோடு கடைசி மாதத்துக்கான முற்பணம். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி அதற்கு மேல் முற்பணம் கேட்கக் கூடாது. ஆனால் புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் பதிவும் இல்லை, சம்பளச் சிட்டையும் இல்லை. எங்களிடம் ஆறு மாத வாடகையை முன்னுக்கே கேட்டார்கள். கேட்டவரும் நம்மவர்தான். "தம்பி, உங்களை எனக்குத் தெரியாதே, நானும் மோட்கேஜ் கட்ட வேணுமெல்லோ" என்றார். சட்டத்தை எடுத்துச் சொல்லியிருந்தால் பின்னால் நின்ற ஆளுக்கு வீடு போயிருக்கும்.

குடிபோனது புதிதாகக் கட்டிய பேஸ்மென்ற், அதாவது ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு, மாகாண அரசு வருடா வருடம் அறிவிக்கும் வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. 2025இல் அந்த வரம்பு 2.5 சதவீதம். பழைய கட்டடத்தில் இருந்த நண்பனுக்கு அவ்வளவுதான் ஏறியது. எங்களுக்கு வீட்டுக்காரர் வைத்ததே கணக்கு.

வெளியே இருந்து பார்த்தால் கனடா உரிமைகளின் நாடு. பொருளாதார, சமூக உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 1976இலேயே சேர்ந்தது. ஆனால் 1982இன் உரிமைகள் சாசனத்தில் வீடும் உணவும் பெயர் சொல்லி இல்லை. 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த வீடமைப்புச் சட்டம் போதுமான வீட்டை மனித உரிமை என்றே சொல்கிறது. சரி, அதை வைத்துக்கொண்டு வாடகை ஏற்றியவரோடு வாதாடலாமா? முடியாது. அது மத்திய அரசின் கொள்கைக்கானது, வாடகையோ மாகாணத்தின் கையில். இந்தப் பிரிவினையை விளங்கிக்கொள்ளவே எனக்குக் கன காலம் பிடித்தது.

மருத்துவத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முன்பெல்லாம் ஒன்ராறியோவுக்கு வருபவர்கள் அரச மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்; 2020 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். டாக்டரைப் பார்க்கக் காசில்லை, அவர் எழுதும் மருந்துக்குத்தான் காசு. 65 வயதானவர்களுக்கு மாகாணத் திட்டம் உண்டு, தனியார் காப்புறுதி இல்லாத இளையவர்களுக்கும் 25 வயது ஆகும்வரை உண்டு. நடுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலையிடம் தரும் காப்புறுதியை, "பெனிஃபிட்ஸை", நம்பியிருக்க வேண்டும். (வருமானத்துக்கு மிஞ்சி மருந்துச் செலவு வந்தால் டிரில்லியம் திட்டம் இருக்கிறது. பார்மசியில் நீங்களே கேளுங்கள்.)

கம்பனிகளுக்குத் தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் கிடைக்கும் வேலைக்குப் பெனிஃபிட்ஸ் எங்கே? ஒரே வெயர்ஹவுஸில், ஒரே பெல்ட்டில் பெட்டி அடுக்கும் இரண்டு பேரில் ஒருவர் கம்பனி ஆள், மற்றவர் ஏஜென்சி ஆள். இவருக்கு "நாளைக்கு வர வேண்டாம்" என்று ஒரு மெசேஜ் போதும். இத்தனைக்கும் சட்டம் இவர் பக்கம்தான். வாரம் 44 மணித்தியாலம் தாண்டினால் ஒன்றரை மடங்கு சம்பளம். வேலை எடுத்துத் தந்ததற்கு ஏஜென்சி காசு வாங்கக் கூடாது. ஏஜென்சி சம்பளம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய கம்பனியும் பொறுப்பு. 2024 ஜூலை முதல் லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தவும் முடியாது.

என்னோடு நின்ற ஒரு அக்காவுக்கு ஓவர்டைமையும் சாதாரணச் சம்பளத்திலேயே போட்டார்கள். "கேளுங்கோ அக்கா" என்றால், "கேட்டால் அடுத்த கிழமை ஷிஃப்ட் தருவினமோ?" என்பார். உரிமை கேட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பழிவாங்கவில்லை என்று காட்டும் பொறுப்பும் முதலாளிக்கே. ஆனால் விசாரணை முடியும்வரை வாடகை காத்திருக்காதே. வேறு வேலை கிடைத்த பிறகுதான் அவர் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்தார். இரண்டு வருடம்வரை அவகாசம் இருந்ததால் அது சரிவந்தது. படிவத்தை நிரப்ப உதவியது சமூகச் சட்ட நிலையம். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம். இந்த நாட்டில் வந்திறங்கியதும் தெரிந்துகொள்ள வேண்டிய முகவரிகளில் அதை நான் வங்கிக்கும் முன்னால் வைப்பேன்.

2026 ஜனவரியிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள், பொது விளம்பரத்தில் "கனடிய அனுபவம் தேவை" என்று போட ஒன்ராறியோவில் தடை வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஏஜென்சிக்கு ஆள் எடுப்பது பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது, அங்கே அந்த அனுபவத்தை எவரும் கேட்பதும் இல்லை.