ஒருமுறை வெளியே விட்டால்

சுங்கை சிப்புட்டில் மென்பொருள் நிறுவனமா என்று ஈப்போக்காரர்களே கேட்பார்கள். இருக்கிறது. டவுனில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறோம். கீழே உரமும் களைக்கொல்லியும் விற்கிற கடை. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் நிறைய இடம் இப்போது செம்பனையாகிவிட்டது, எங்களுக்குச் சோறு போடுவதும் அந்தச் செம்பனைதான். குலை ஏற்றிய லோரி எண்ணெய் மில்லின் நிறுவை மேடையில் ஏறும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு எடை. வித்தியாசம்தான் குலையின் எடை. பழுக்காத குலைக்கும் நீளக் காம்புக்கும் கழித்தது போக மிச்சத்துக்குப் பணம். இந்தக் கணக்கை வாங்கி வைத்து, ரசீது போட்டு, கேட்கிறவர்களுக்குக் கேட்கிற வடிவில் கொடுப்பது எங்கள் சேவை.

சேவையைச் செய்வதில் பெரிய வாக்குவாதம் எதுவும் வந்ததில்லை. அதோடு பேசுவதற்கான லைப்ரரிகளை, அதாவது மற்றவர்கள் தங்கள் நிரலில் அப்படியே சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களை, பொதுவில் வெளியிடுகிற வேலைதான் அலுவலகத்தில் எல்லாரையும் பேச வைத்தது.

முதலில் லைப்ரரி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சேவையோடு வெளி நிரல்கள் பேசும் வாசல் ஏபிஐ. அதோடு மில்காரர் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் பேசுவார். குலை வாங்கும் டீலர் வைத்திருப்பது பிஎச்பி. கணக்கு எழுதுகிறவர்களில் சிலர் பைத்தான், பெரிய குழுமம் என்றால் ஜாவா. ஒவ்வொருவரும் இணைப்பைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்து எங்களுக்குப் போன் செய்தார்கள். அப்புறம் இ-இன்வாய்ஸ் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு விற்பனைச் சீட்டை மின்வடிவில் அனுப்பியாக வேண்டும் என்று ஆனது. 2025 ஜனவரியிலும் ஜூலையிலும் அடுத்தடுத்த நிலையில் உள்ளவர்கள் சேர்ந்தார்கள். அதுவரை எக்செல்லில் காலம் தள்ளியவர்களும் ஏபிஐ என்ற சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார்கள். போன் மணி ஓயவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் நாமே ஒரு லைப்ரரி எழுதி, அவரவர் மொழிக்கென்று இணையத்தில் இருக்கிற, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுக் கிடங்கில் வைத்துவிட்டால் என்ன என்று பேச்சு வந்தது அப்போதுதான்.

"சும்மா கொடுக்கப் போறோமா?" என்றார் முதலாளி. அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நியாயமான கேள்விதான். ஆனால் லைப்ரரியில் ரகசியம் எதுவும் இல்லை. கோரிக்கையைக் கட்டி அனுப்புவது, வந்த பதிலைப் பிரித்துக் கொடுப்பது, இணைப்பு அறுந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வது, இவ்வளவுதான் அதில் உண்டு. காசு வருகிற சரக்கு முழுக்க சர்வரில் இருக்கிறது. எம்ஐடி உரிமம் போட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், நம்மைக் கேட்க வேண்டியதில்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. போன் குறையும் என்றேன். அது வேலை செய்தது.

ஜாவாஸ்கிரிப்டின் கிடங்கான என்பிஎம்மில் பெயர் பதியப் போனால், எங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு பேக்கேஜ், அதாவது கிடங்கில் ஏற்றக் கட்டிய லைப்ரரிப் பொட்டலம், ஏற்கெனவே இருந்தது. கிளாங் பக்கத்துப் பையன் ஒருவர், தன் வாடிக்கையாளர் ஒருவருக்காக எழுதியதை அப்படியே பொதுவில் போட்டிருக்கிறார். "யாரு இவன், நம்ம பேரை எடுத்து வச்சிருக்கான்?" என்று அண்ணன் எகிறினார். வக்கீல் கடிதம் வரைக்கும் பேச்சு போனது. எனக்கென்னவோ அந்தப் பையனுக்கு நன்றிதான் சொல்லத் தோன்றியது. நாங்கள் செய்யாத வேலையைச் செய்திருந்தார், பல இடங்களில் எங்கள் ஆவணத்தைவிட அவர் எழுதிய குறிப்பு தெளிவாக இருந்தது. எழுதிக் கேட்டோம். பெயரைச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார். இன்றைக்கும் அவர் எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்குத் திருத்தம் அனுப்புகிறார். என்பிஎம்மில் நிறுவனப் பெயரை முன்னொட்டாக வைத்து, அதற்குள் பேக்கேஜ் பெயர் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதை அன்றே பதிந்துவிட்டோம். பைத்தானின் கிடங்கான பைபிஐயில் அப்போது அந்த வசதி இல்லாததால் பெயரை முந்திப் பதிய வேண்டியிருந்தது. அங்கே சிறு கோடும் அடிக்கோடும் புள்ளியும் ஒன்றாகவே எண்ணப்படும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடும் கிடையாது. அந்த மட்டில் ஆள்மாறாட்டம் செய்கிறவனுக்கு வழி குறைவு.

ஜாவாவின் கிடங்கான மேவன் சென்ட்ரல் வேறு ஜாதி. அங்கே கிழக்கு வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பார்கள், வந்ததும் அடையாள அட்டை கேட்பார்கள். குழுப் பெயர் நம் இணைய முகவரியைத் திருப்பிப் போட்டதாக இருக்க வேண்டும். 'டாட் காம் டாட் மை' என்று முடியும் முகவரி, 'மை டாட் காம்' என்று தொடங்கும். "நம்ம பேரைத் தலைகீழா எழுதியிருக்காங்களேம்மா" என்று அண்ணன் வருத்தப்பட்டார். அந்த முகவரி நம்முடையதுதான் என்று காட்ட டிஎன்எஸ்ஸில், அதாவது இணைய முகவரிகளின் பதிவேட்டில், அவர்கள் தரும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். எங்கள் டிஎன்எஸ்ஸின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடியதில், முதன்முதலில் வலைத்தளம் செய்து கொடுத்த ஆளின் பழைய மின்னஞ்சலில் போய் முடிந்தது. நிறுவனத்தின் பெயரே நிறுவனத்தின் கையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் ஜிபிஜி என்ற மின்கையொப்பம், மூலநிரல் தனியாக, ஆவணம் தனியாக, உரிமம் என்ன, எழுதியவர் யார் என்ற விவரம். இத்தனைக்கும் அலுத்துக்கொண்டாலும், எல்லாக் கிடங்கும் இப்படிக் கேட்டால் நல்லது என்றே நினைக்கிறேன். பிஎச்பிக்கு பேக்கஜிஸ்ட் இதற்கு நேர் எதிர். நிரலின் பதிப்புகளைக் காத்து வைக்கும் கிட்டில் ஒரு டேக், அதாவது பதிப்பு முத்திரை, போட்டால் தானே வந்து எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கிடங்காக இருந்தாலும் ஒரு விஷயம் பொது. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, அல்லது எடுத்தாலும் போட்டது போட்டதுதான். மேவன் சென்ட்ரலில் அழிக்கவே முடியாது. சி ஷார்ப்புக்கான நியூகெட்டில் பட்டியலிலிருந்து மறைக்கலாம், ஆனால் அந்தப் பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேட்கிறவருக்குக் கிடைக்கும். பைபிஐயில் ஒரு கோப்பை அழித்தால் அதே பெயரில் வேறொன்றை மறுபடி ஏற்ற விடமாட்டார்கள். 2016 மார்ச்சில் பதினொரே வரி உள்ள 'லெஃப்ட் பேட்' என்ற பேக்கேஜை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, உலகம் முழுக்கப் பலருடைய நிரல்கள் கட்டப்பட முடியாமல் நின்றன. அதற்குப் பிறகுதான் என்பிஎம் கயிற்றை இறுக்கியது. இப்போது, வேறு யாரும் அதைச் சார்ந்திராவிட்டால், 72 மணி நேரத்துக்குள் திரும்ப எடுக்கலாம். இ-இன்வாய்ஸை ரத்து செய்யவும் நம் வரி வாரியம் தருவது அதே 72 மணி நேரம். இதைச் சொன்னபோதுதான் எங்கள் கணக்குப்பிள்ளைக்கு நான் செய்யும் வேலை என்ன என்று முதன்முறையாகப் புரிந்தது.

இந்தத் திரும்பப் பெற முடியாத தன்மைதான் பைத்தான் லைப்ரரியில் பெரிய சண்டையைக் கொண்டுவந்தது. எடையையும் விலையையும் ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் வகையில், கொடுத்துக்கொண்டிருந்தோம். பைத்தானில் 1.1 டன்னோடு 2.2 டன்னைக் கூட்டிப் பாருங்கள், 3.3000000000000003 என்று வரும். 2.675-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கச் சொன்னால் 2.67 என்னும். 2.68 எங்கே போனது என்று டீலர் கேட்பார். கணினி அந்த எண்ணை இரும எண்ணாக வைத்துக்கொள்வதால், உள்ளே 2.675-க்கு ஒரு துளி குறைவாகத்தான் இருக்கிறது. ஒரு காசுதானே என்று விட்டுவிடலாம் என்றால், லோரி லோரியாகச் சேர்ந்து மாதக் கடைசியில் ரசீது ஒரு தொகையும் பேரேடு ஒரு தொகையும் சொல்லும். தோட்டத்தில் கிராணியாக இருந்த எங்கப்பா, கூலிக் கணக்கான செக்ரோலில் ஒரு காசு இடித்தால் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பார். எனக்கும் அந்தப் புத்தி கொஞ்சம் உண்டு.

தீர்வு எளிது, தசமத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகைக்கு மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் ஒரு நாள் வேலை. "அப்ப 1.8.1-ன்னு பதிப்பு எண் போட்டு விட்டுடு, சின்ன மாத்தம்தானே" என்றார் அண்ணன். இங்கேதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் நிரலில் அது சின்ன மாற்றம். வாடிக்கையாளர் எங்கோ எடையை 0.95-ஆல் பெருக்கி வைத்திருப்பார். டெசிமலை ஃப்ளோட்டால் பெருக்க பைத்தான் மறுத்துவிடும், பிழை சொல்லி நின்றுவிடும். தரவை அனுப்பும் ஜேசன் வடிவத்துக்கு மாற்ற முயன்றாலும் அதே கதை. மில் வாசலில் லோரி வரிசையாக நிற்கும்போது நிரல் நின்றால், அவர் அண்ணனைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் பயனர்களில் பலர் '1.8-க்கு மேல், 2-க்குக் கீழ் எதுவானாலும் சரி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் எண் மாறாதவரை எதுவும் உடையாது என்ற நம்பிக்கையில் எழுதியது அது. நாங்கள் 1.8.1 என்று போட்டால் அடுத்த முறை அவர்கள் நிறுவும்போது தானாக உள்ளே போய்விடும், கேட்காமலே. 2.0.0 என்று போட்டால் அவர்களாகக் கதவைத் திறக்கிற வரை வெளியில் காத்திருக்கும். ஆகவே 2.0.0-தான் என்று நின்றேன். "இரண்டுன்னா பெரிசா ஏதோ புதுசா வரணும்னு நினைப்பாங்களே, நம்மகிட்ட என்னம்மா இருக்கு காட்ட?" என்று மார்க்கெட்டிங் பக்கமிருந்து ஒரு குரல். காட்ட ஒன்றுமில்லை. வாங்குகிறவர் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்ணின் வேலை.

கடைசியில் இடைவழி ஒன்று பிடித்தோம். 1.8 வரிசையில் டெசிமல் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு விருப்பத்தேர்வு கொடுத்து, மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வரும்படி செய்தோம். 'இது இனி கைவிடப்படும்' என்று சொல்லும் பைத்தானின் வழக்கமான 'டெப்ரிகேஷன்' எச்சரிக்கை, லைப்ரரிக்குள்ளிருந்து வந்தால் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும். அதனால் 'ஃப்யூச்சர்' வகையைப் போட்டோம், அது திரையில் தெரியும். தெரிந்ததும் திட்டிப் போன் செய்தவர்கள் உண்டு. மில் நின்ற பிறகு திட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலாம்.

பொதுக் கிடங்கு என்றால் இணையம் என்றுதான் நினைப்போம். உட்புறத் தோட்டங்களில் நிறுவை மேடைக் கணினிக்கு இணையம் வருவதே பெரும்பாடு, வந்தாலும் வெளித்தளங்களைத் திறக்க விடாமல் வைத்திருப்பார்கள். ஒரு மில்லில் வேலை பார்க்கும் டெக்னீஷியன் தம்பி மாதம் ஒருமுறை மோட்டார்சைக்கிளில் டவுனுக்கு வருவார். "அக்கா, புது நியூகெட் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டு, எங்கள் லைப்ரரியையும் அது சார்ந்திருக்கிற மற்றவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவார். அங்கே ஒரு ஃபோல்டரில் போட்டு, அதையே கிடங்காகக் காட்டிவிட்டால் நியூகெட் ஏற்றுக்கொள்ளும். அந்தத் தம்பியை நினைத்துத்தான் நான் சார்புகளைக் குறைக்கிறேன். லைப்ரரிக்குள் லைப்ரரி, அதற்குள் இன்னொன்று என்று போனால் அவர் பென்டிரைவில் ஏதாவது ஒன்று விடுபடும், மில்லுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். சி ஷார்ப் லைப்ரரியில் இப்போது வெளிச்சார்பு எதுவுமே இல்லை. நவீனமாக இல்லையே என்று ஒரு புது ஆள் குறைப்பட்டார். இல்லைதான்.

வெளியிடும் முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேக்கேஜுக்குள் என்னென்ன கோப்பு போகிறது என்று கட்டும் கருவியையே முன்கூட்டிக் கேட்டு, ஒருவர் பட்டியலை வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பார், காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி. என்பிஎம்மில் இதற்குத் தேவை அதிகம். என்பிஎம்மின் விலக்குப் பட்டியல் என்று ஒரு கோப்பு வைத்துவிட்டால், கிட்டின் விலக்குப் பட்டியலை அது பார்க்காது. கடவுச்சொல் மாதிரியான ரகசியச் சாவி உள்ள கோப்பு கிட்டில் ஏறாமல் இருக்கும், பேக்கேஜில் ஏறிவிடும். அப்படி ஏறியதை 72 மணி நேரத்துக்குள் எடுத்தாலும் பயனில்லை, அதற்குள் எத்தனை பேர் நகல் எடுத்தார்களோ.

சாவி என்றதும் இன்னொன்று. முன்பு கிடங்கில் வெளியிடுவதற்கான சாவி, டோக்கன் என்பார்கள், ஒரு மடிக்கணினியில் இருந்தது, அந்த மடிக்கணினியை வீட்டுக்கும் கொண்டுபோவோம். 2023-இல் பைபிஐ ஒரு வழி கொண்டுவந்தது. நிரல்களை வைத்துக்கொள்ளும் கிட்ஹப் தளத்தில் குறிப்பிட்ட களஞ்சியத்தின் குறிப்பிட்ட வேலை ஓடும்போது மட்டும், சற்று நேரத்துக்கு மட்டும் செல்லும் அனுமதி கிடைக்கும். நிரந்தரச் சாவி எங்கேயும் இருக்காது. 2025-இல் என்பிஎம்மிலும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், என்பிஎம் பெயரில் வந்த போலி மின்னஞ்சலை நம்பி ஒரு பராமரிப்பாளர் கணக்கை இழக்க, 'சாக்', 'டிபக்' உட்பட வாரத்துக்கு 200 கோடி முறைக்கு மேல் இறங்கும் பேக்கேஜ்களில் நச்சு நிரல் ஏறியது. அவர் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. அந்தச் செய்தி வந்த வாரமே எங்கள் பழைய டோக்கன்களை எல்லாம் ரத்து செய்தோம், யாரும் என்னிடம் செலவு கேட்கவில்லை.

2.0.0 வந்து நாளாகிவிட்டது. 1.8-ஐ விட மறுக்கிற ஒரு மில்லுக்காக அந்தக் கிளையிலும் அவ்வப்போது திருத்தம் போடுகிறோம். அண்ணன் இப்போது என்பிஎம் பக்கத்தில் தெரியும் வாரப் பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்க்கப் பழகிவிட்டார். அதில் பாதிக்கு மேல் நகல் தளங்களும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கிக்கொள்ளும் தானியங்கி இயந்திரங்களுமாக இருக்கும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்மா" என்றார். பேங்க் கடனுக்குக் கொண்டுபோன கோப்பில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து முதல் தாளாக வைத்திருந்தார்.