எம்டன் எரித்த நிலக்கரி

சென்னை உயர் நீதிமன்ற மதிலோரம் நடக்கும்போதெல்லாம், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இந்நகரைத் தாக்கியதைக் குறிக்கும் கல்வெட்டின் முன் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். 'அவன் சரியான எம்டன்' என்ற வழக்கை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன அக்கப்பல் அன்று கொளுத்தியது பர்மா ஆயில் நிறுவனத்தின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளை. கொளுத்திய கப்பலோ நிலக்கரியில் ஓடியது.

வங்கக் கடலையே கலங்கடித்த அதன் தலைவருக்கு எதிரியைவிடப் பெரிய கவலை அடுத்த நிலக்கரி மூட்டை எங்கே கிடைக்கும் என்பதுதான். பிரிட்டனுக்குச் சொந்தமான புரெஸ்க் என்ற சரக்குக் கப்பலை அதிலிருந்த வேல்ஸ் நிலக்கரியோடு பிடித்ததால் வேட்டை சில வாரங்கள் நீண்டது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவருகே தொலைவில் புகை தெரிந்தபோது, நிலக்கரியோடு புரெஸ்க் வருகிறது என்றே முதலில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பல்; எம்டனின் கதை அங்கே முடிந்தது.

நிலக்கரிக்குக் கட்டுப்பட்ட இந்த அடிமைத்தனத்தை பிரிட்டன் முன்பே உணர்ந்திருந்தது. 1911 அக்டோபரில் கடற்படை அமைச்சரான சர்ச்சில், குவீன் எலிசபெத் வகைப் பெருங்கப்பல்களை எண்ணெயால் மட்டுமே ஓடும்படி கட்டவைத்தார். வேகம் கூடியது, புகை குறைந்தது, கரி அள்ளிப்போடும் ஆட்களும் குறைந்தார்கள். ஆனால் நிலக்கரி சொந்த மண்ணிலேயே கிடைத்தது. எண்ணெய் பாரசீகத்தில் இருந்தது. எனவே 1914 ஜூனில் ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை அரசே வாங்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது (அந்நிறுவனத்துக்கு முதல் போட்டு வளர்த்ததும் நம் கடற்கரையில் தொட்டி வைத்திருந்த அதே பர்மா ஆயில்தான்). எம்டன் வீழ்வதற்கு மூன்று நாள் முன்பு, பம்பாயிலிருந்து சென்ற இந்தியப் படை இன்றைய ஈராக்கின் ஃபாவ் கரையில் இறங்கியது. பாரசீகத்தின் அபாதானில் இருந்த அந்நிறுவனத்தின் எண்ணெய் நிலையங்களைக் காப்பதும் அதன் பணிகளில் ஒன்று. எரிபொருளை மாற்றியவர்கள் லண்டனில் இருந்தார்கள். அதற்குக் காவல் நிற்கப் போனவர்கள் நம்மவர்கள்.

இன்று இராணுவங்கள் சூரிய ஒளிக்கும் மின்கலத்துக்கும் மாறுவதைச் சூழலியல் நாகரிகமாக மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆப்கானிஸ்தானில் ஏறத்தாழ 24 எரிபொருள் வாகன அணிகளுக்கு ஒருவர் வீதம் இறந்தோ காயமுற்றோ போனதாக அமெரிக்க இராணுவத்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. லடாக்கின் சூசுலில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இராணுவ முகாமுக்கு பொதுத்துறை மின் நிறுவனமான என்டிபிசி மேற்கொண்ட 200 கிலோவாட் சூரிய-ஹைட்ரஜன் மின்திட்டத்தின் பயனும் இத்தகைய எரிபொருள் பயணங்களைக் குறைப்பதே: மலையேற்றிக் கொண்டுபோக வேண்டிய டீசல் பீப்பாய்கள் குறையும்.

ஆனால் பீப்பாய் குறைந்த இடத்தில் வேறொரு கட்டு விழுகிறது. மின்மோட்டார்களின் வலிமையான காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களில் பெரும்பகுதியைப் பிரித்தெடுப்பது சீனா. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்கு அது உரிமம் கட்டாயமாக்கியது. சூசுலோ அந்த நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அரிய மண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் தாது இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; ஆனால் அதில் இலகுவகைத் தனிமங்களே மிகுதி, டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் சொற்பம்.