கத்திரி வெயிலில் ஸ்வெட்டர்

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது என்று காலண்டரில் போட்டிருக்கிறது. இங்கே குன்னூரில் அத்தை ஸ்வெட்டரோடுதான் பால் காய்ச்சினார். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் மூன்று மணிக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை மறுபடி ஈரமாக்கிவிடும்.

கோடைச் சமையல் என்று எங்கே பார்த்தாலும் நீர்மோர், பானகம், நன்னாரி, தர்பூசணி. அதையெல்லாம் இங்கே குடித்தால் மறுநாள் தொண்டை கட்டும். எங்கள் வீட்டுக் கோடைப் பிரச்சினை வேறு: மாவு புளிக்காது, தயிர் உறையாது, வற்றல் காயாது. அதற்கெல்லாம் என்ன செய்கிறோம், என்ன சமைக்கிறோம், இடையில் என்ன படிக்கிறோம் என்று இந்த மாதம் முழுக்க எழுதி வைக்கப் போகிறேன்.

கீழேயிருந்து புதிதாக மலைக்கு வந்து குடித்தனம் வைக்கிற எல்லோருக்கும் முதலில் புரியாதது பருப்பு. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, கேஸ்தான் தீரும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு தளதளவென்று கொதிக்கிறதே தவிர கரையாது. குக்கர்தான் கதி, அதிலும் கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூட.

இட்லி மாவுக்கு: உளுந்தோடு வெந்தயம் ஒரு ஸ்பூன் அதிகம், கையால் நன்றாக அடித்துக் கலக்க வேண்டும், உப்பை மறுநாள் காலைதான் போட வேண்டும் (உப்பு சேர்ந்தால் புளிப்பது இன்னும் மந்தமாகும்). வெந்நீர் ஊற்றிய அகலமான பாத்திரத்துக்குள் மாவுச் சட்டியை இறக்கி, மேலே பழைய கம்பளி. ராத்திரி படுக்கப் போகும் முன் அந்த வெந்நீரை ஒரு தடவை மாற்றினால் காலையில் பொங்கியிருக்கும். தயிருக்கு ஹாட்பேக்.

மே 7, புதன்

மாமாவுக்குக் கண்புரை அறுவை ஆகி இன்னும் படிக்கக் கூடாது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மேட்டுப்பாளையத்தில் 7.10-க்குக் கிளம்புகிற வண்டி பத்தரை வாக்கில் குன்னூருக்கு வந்து விசில் கொடுத்தால்தான் காலை டிபனை முடித்து எழுந்திருப்பார். வண்டி தாமதமானால் இவரும் தாமதம். அதற்குப் பிறகு பொழுது போகாமல் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எனக்கு யோசனை சொல்ல ஆரம்பிப்பார். அதை நிறுத்துவதற்காகவே வாசித்துக் காட்டுகிறேன்.

முதல் புத்தகம் ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித் தேன். அவர் கணவர் மின்பொறியாளர், அந்த வேலையால் நீலகிரியில் வாழ்ந்தவர், அதனால் ஊரை ஊராக எழுதியிருக்கிறார். ஜோகி என்கிற, நீலகிரியின் படகர் சமூகத்துச் சிறுவன் வளர்ந்து வயதாவதற்குள் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சி பல தடவை பூத்துவிடுகிறது, எருமையும் ராகியுமாக இருந்த ஹட்டிக்குள் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) உருளைக்கிழங்கு வருகிறது, தேயிலை வருகிறது, அப்புறம் அணையும் மின்சாரமும். முன்பாதியில் அவசரமே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. பின்பாதி கொஞ்சம் ஓடுகிறது. மாமாவுக்கு நேர்மாறு, அணை கட்டுகிற பகுதி வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா படகர். ஜன்னல் வழியாக வாசிப்பைக் கேட்டுவிட்டு, "எங்க பாட்டி சொன்ன மாதிரியே இருக்கு, இன்னொரு தடவை படிம்மா" என்றார். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பச்சை அவரையும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டிக் குழம்பும் ராகி ஹிட்டும் (களிதான்) வந்து சேர்ந்தன. புத்தகம் படித்ததற்கு இதைவிட என்ன கூலி.

மே 10, சனி

மதுரையிலிருந்து நாத்தனார், அவள் வீட்டுக்காரர், இரண்டு வாண்டுகள். காரில் வரலாம் என்று இருந்தார்கள், இ-பாஸ் எடுக்க உட்கார்ந்தால் அவர்கள் கேட்ட தேதி கிடைக்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இந்த ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை கிடையாது என்று நான்தான் சொன்னேன், மேட்டுப்பாளையம் வந்து பஸ் பிடித்துவிட்டார்கள். சீசனுக்காக ஒருவழிப் பாதை, ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. ஆகவே வரும்போது சுலபம். திரும்பும்போதுதான் சுற்று.

நாத்தனார் கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே மோர்மிளகாய், கூழ்வடகம், சுண்டைவற்றல், மாம்பழம். மாம்பழம் தவிர எல்லாம் அவள் மாமியார் மொட்டை மாடியில் காய வைத்தது. "உங்க ஊர்ல வெயில் இல்லைன்னு பார்சல் கட்டிக் கொண்டாந்திருக்கேன் அண்ணி" என்றாள். சிரித்தாலும் விஷயம் உண்மை. அத்தை ஒவ்வொரு வருடமும் வடகம் பிழிந்து பார்ப்பார், மத்தியானம் மிஸ்ட் வந்து தொட்டதும் பூசணம் பூத்துவிடும். எங்கள் கோடைச் சமையலில் பாதி, மதுரை வெயிலை நம்பித்தான் நடக்கிறது.

வாண்டுகள் வந்ததும் வராததுமாக ஐஸ்கிரீம் கேட்டார்கள். அத்தை, "அம்மாச்சி வேற ஒண்ணு தரேன்" என்று சுக்குக் காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டார். துரோகம் செய்யப்பட்ட முகத்தோடு குடித்தன இரண்டும்.

மே 13, செவ்வாய்

மேரக்காய் மோர்க்குழம்பு. மேரக்காய் என்றால் சௌசௌதான், கீழே பெங்களூர் கத்திரிக்காய் என்றும் சொல்வார்கள். எங்கள் வேலி முழுக்க இந்தக் கொடிதான், யாரும் நட்டதாக ஞாபகம் இல்லை.

தோல் சீவும்போது ஒரு பால் வரும். அது உள்ளங்கையில் காய்ந்து மெல்லிய சவ்வாக ஒட்டிக்கொள்ளும், விரலை மடக்கினால் இழுக்கும், கழுவினாலும் போகாது. கொஞ்ச நேரம் கழித்து நகத்தால் சுரண்டினால் சுருண்டு சுருண்டு வரும். பிடிக்காதவர்கள் முதலிலேயே கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். எனக்கு அதை உரிப்பதில் ஒரு சந்தோஷம்.

அரைக்க: ஒரு டேபிள்ஸ்பூன் துவரம்பருப்பும் ஒரு டீஸ்பூன் பச்சரிசியும் அரை மணி ஊறியது, கால் மூடித் தேங்காய், பச்சை மிளகாய் நாலு, சீரகம் ஒரு டீஸ்பூன், இஞ்சி ஒரு துண்டு (மலையில் இஞ்சி கூடவே போடுவோம்). காயை மஞ்சள்தூள், உப்பு போட்டு வேக வைத்து, அரைத்ததைச் சேர்த்துப் பச்சை வாசனை போகிற வரை கொதிக்கவிட வேண்டும். பிறகு தீயை அடக்கி இரண்டு கப் கடைந்த புளித்த தயிர். ஓரத்தில் நுரை கட்டினால் அடுப்பை அணைத்துவிடுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். தேங்காயெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, மதுரை மோர்மிளகாய் இரண்டைக் கறுக்க வறுத்துத் தாளிப்பு. தயிர் மட்டும் முந்தாநாளே எடுத்து வைத்ததாக இருக்கட்டும். இந்தக் குளிரில் ஒரு ராத்திரியில் புளிக்கிற தயிர் கிடையாது.

சாப்பிட்டுவிட்டு நாத்தனாருக்குக் குறுந்தொகை 167-ஐப் படித்துக் காட்டினேன், கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் கல்யாணமான பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், பிசைந்த விரலை உடுத்தியிருந்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் படுகிறது, கணவன் 'இனிது' என்று சாப்பிடுகிறான், அவள் முகம் லேசாக மலர்கிறது. பார்த்துவிட்டு வந்து பெண்ணின் அம்மாவிடம் சொல்கிறவள் அவளை வளர்த்த செவிலித்தாய். கதை அவ்வளவுதான். சங்கப் பாட்டு என்றாலே பயப்படுகிறவர்கள் உரையோடு இதிலிருந்து தொடங்கலாம். குறுந்தொகையில் எட்டு அடிக்கு மேல் போகிற பாட்டு அபூர்வம், குக்கர் விசில் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். நாத்தனார் கேட்ட ஒரே கேள்வி: "அந்தத் துணியை யார் துவைச்சது அண்ணி?"

மே 17, சனி

பிளம்ஸ்! கொல்லையில் இருக்கிற மரம் இந்த வருடம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது. குரங்கு தின்றதும் அணில் கொறித்ததும் போக நமக்கு இரண்டு கூடை. மார்க்கெட்டிலும் குவிந்து கிடக்கிறது. மாதக் கடைசியில் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி வரும்போது இதே பழத்தை வைத்து ஏதாவது மிருகம், பறவை என்று செய்து நிறுத்துவார்கள், வாண்டுகளுக்கு அதைப் பார்க்காமல் ஊருக்குப் போவது பெரிய குறை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை, தின்கிறதைக் கம்பியில் குத்தி நிறுத்துவது என்ன ரசனையோ.

தொக்கு செய்தோம். ஜாம் போடுகிறவர்கள் போடட்டும், பிளம்ஸுக்கு இருக்கிற புளிப்பைச் சர்க்கரையில் முக்கிக் கொல்வது பாவம். ஒரு கிலோ, முக்கால் பழமாக இருக்கிறதைப் பொறுக்குங்கள், கனிந்தது இதற்கு ஆகாது. கழுவி ஈரம் போகத் துடைத்து, அரை டம்ளர் தண்ணீரோடு மூடி வேக வைத்தால் தோல் வெடித்துச் சுருண்டு மேலே வரும். ஆறியதும் கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கையாலேயே மசியுங்கள், மிக்ஸி வேண்டாம். தோலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிறமெல்லாம் அதில்தான். சதை மட்டும் பார்த்தால் மஞ்சளாகத்தான் இருக்கும், அடுப்பில் தோல் கரையக் கரைய ஆரஞ்சாகி, செங்கல் நிறமாகி, கடைசியில் கறுஞ்சிவப்பில் நிற்கும். அந்தக் கடைசி நிறம் வரும் வரை இறக்கக் கூடாது.

அடி கனத்த வாணலியில் நல்லெண்ணெய் 150 மில்லி, கடுகு, பெருங்காயம், மசித்த பழம், மிளகாய்த்தூள் மூன்று டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள், உப்பு இரண்டு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. புளி வேண்டவே வேண்டாம். கெட்டியாக ஆரம்பித்தால் கையில் தெறிக்கும், முழுக்கை ஸ்வெட்டர் உதவுகிற இடம் இது. எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு டீஸ்பூன், வெல்லம் சின்ன எலுமிச்சை அளவு, இன்னும் ஐந்து நிமிடம். நாத்தனார் வெல்லத்தைக் கூட்டச் சொன்னாள். அத்தை, "உங்க மாமியார் வீட்டுல வேணும்னா அப்படிப் பண்ணு" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். தயிர்சாதம், சூடான சப்பாத்தி, எதற்கும் போகும். மொறுமொறுவென்று அடுக்கடுக்காக இருக்கும் வர்க்கி பிஸ்கட்டைப் பிளந்து உள்ளே தடவி டீயோடு தின்பது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு, நம்பாதவர்கள் செய்து பாருங்கள். (ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகு விலை குறையவில்லை.)

மே 20, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மழை நாடு என்று பெயர், மே மாதம் டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்து ஓட்டுகிறோம். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு, காய் கழுவியது மேரக்காய்க்கு.

ராத்திரி கரடி வந்துவிட்டுப் போயிருக்கிறது. பிளம்ஸ் மரத்தில் ஒரு பெரிய கிளை தரையில். வராந்தாவில் எதையும் வைக்காதே என்று மாமா கத்திக்கொண்டே இருந்தார், நல்லவேளை தொக்கு ஜாடிகள் உள்ளே இருந்தன. எண்ணெய் வாசனைக்குக் கதவையே பெயர்க்கும் அது. காட்டுமாடு பரவாயில்லை, அது பாட்டுக்கு வந்து புல்லைத் தின்றுவிட்டு, ரோட்டில் நின்று எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டுப் போகும்.

நாத்தனார் குடும்பம் நாளை கிளம்புகிறது. சமையல் ஒன்றும் விசேஷம் இல்லை, ரசமும் கேரட் பொரியலும்.

மே 24, சனி

மழை. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இன்றே இறங்கிவிட்டது, வழக்கமான ஜூன் 1-க்கு எட்டு நாள் முன்னாலேயே. இங்கே கிழக்குச் சரிவில் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், மேற்கே கூடலூர் பக்கம் போல இப்போது கொட்டாது. ஆனாலும் காற்று பலம். மாவு கம்பளியிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு, ஸ்டோர் ரூமிலிருந்து டிவிக்குப் பின்னால் என்று இடம் மாறியிருக்கிறது.

மாமாவுக்கு இப்போது உ.வே.சா.வின் என் சரித்திரம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, 1942-ல் அவர் காலமானதால் பாதியில் நின்றது. தடிமனைப் பார்த்துப் பயந்து நானே பல வருடம் தள்ளிப்போட்ட புத்தகம், வாய்விட்டுப் படித்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. இன்று வந்த இடம் 1880 அக்டோபர் 21. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போக, முதலியார் எதற்கும் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அங்கே பிடித்த பிடிதான், 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. மாமா சத்தமாகச் சிரித்தார். ரயில்வேயில் இவர் இன்ஜினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒப்பித்த பிறகு ஒரு ஃபோர்மேன் அமைதியாக வேறு ஒரு கேள்வி கேட்டாராம். என்ன கேள்வி என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்.

மே 26, திங்கள்

மழை விடவில்லை, மாவட்டத்துக்கு ரெட் அலர்ட். கரண்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் அம்மியில் மேரக்காய்த் தோல் துவையல். தோலைச் சீவித் தூக்கிப் போடாமல் நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, வரமிளகாய், துளி புளி, உப்பு வைத்துக் கரகரப்பாக அரைத்தால் போதும்.

நாத்தனார் போன் செய்தாள். கொடுத்தனுப்பிய இரண்டு ஜாடித் தொக்கும் காலி, அவள் மாமியாருக்கு அளவு வேண்டுமாம். எழுதியதை அப்படியே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: மதுரையில் பிளம்ஸ் கிலோ என்ன விலை தெரியுமா, மாங்காயில் செய்யலாமா என்று. செய்யலாம், வேக வைக்காமல் துருவிப் போட வேண்டும், வெல்லம் இரண்டு மடங்கு. இதை அத்தையிடம் நான் சொல்லப் போவதில்லை.