கத்திரிக்காய் மேல் தப்பில்லை

வீடு கட்டிக்கொண்டிருந்த கோடையில் இரண்டு பாதங்களின் மேல்பக்கமும் அரிக்க ஆரம்பித்தது. முதலில் கொசு கடித்த மாதிரி தடிப்பு. அப்புறம் கடுகளவு நீர்க் கொப்புளங்கள். சொறிந்தால் உடைந்து நீர் வடியும், காய்ந்த இடம் கருத்துத் தடித்துப் போகும். கொஞ்ச நாளில் கை விரல் இடுக்கிலும் வந்துவிட்டது.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. அம்மா கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினார். அத்தை, "இது அக்கிடா, குயவர் வீட்டுக்குப் போய் காவி வச்சு எழுதிட்டு வா" என்றார். மெடிக்கல் ஷாப்பில் படைக்கு என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவினால் அடங்கும், விட்டால் முன்னைவிட வேகமாகத் திரும்பும். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு அது. ரத்தத்தில் அலர்ஜி பார்க்கும் பேக்கேஜ் ஒன்றையும் எடுத்தேன். இறால், வேர்க்கடலை, தூசி என்று பக்கம் பக்கமாக வந்ததே தவிர, அரிப்புக்கு அதில் பதில் இல்லை.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா, ரிப்போர்ட்டைத் தொடக்கூட இல்லை. இரண்டு கால்களையும் சேர்த்து வைக்கச் சொன்னார். "அக்கின்னா பெரும்பாலும் ஒரு பக்கம்தான், நரம்பு போற வழியில வரும். உங்களுக்கு ரெண்டு கால்லயும் ஒரே இடம்." தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், பூஞ்சை இல்லை. "வெளிய விட்ட செருப்பை எடுத்துட்டு வாங்க" என்றார். ஆம்பூர் பக்கம் போனபோது ஆசையாக வாங்கிய தோல் செருப்பு. போட்டுக் காட்டினேன். கருத்த இடம் முழுவதையும் வார் அப்படியே மூடிக்கொண்டது. வார் படாத தோலில் ஒரு புள்ளி இல்லை.

செருப்புதான் என்று தெரிந்தாலும் அதில் எது என்று தெரிய வேண்டுமே. ரப்பரா, பசையா, சாயமா, பதனிட்ட மருந்தா? அதற்குத்தான் பேட்ச் டெஸ்ட். சாப்பாட்டு அலர்ஜி சட்டென்று காட்டிவிடும். தொடுவதால் வரும் இந்த அலர்ஜி வெள்ளணுக்களின் வேலை, நிதானமாக ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். ரத்தப் பரிசோதனையில் சிக்காது. சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், முதுகில் களிம்பு கூடாது. அரிப்பு மாத்திரை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

சின்னச் சின்ன அலுமினியக் குப்பிகளில் நிக்கல், வாசனைப் பொருள், ரப்பர் ரசாயனங்கள், பார்த்தீனியம் என்று வாஸலினில் குழைத்து முதுகில் வரிசையாக ஒட்டினார்கள். என் செருப்பு வாரிலும் ஒரு துண்டு வெட்டி நனைத்து ஒட்டினார்கள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. கத்திரி வெயிலில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்று அவர்களும் சொல்லவில்லை. குப்புறப் படுத்தே கிடந்தேன்.

பிரித்ததும் ஒரு முறை பார்த்தார்கள், மேலும் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தார்கள். மனைவி போனில் எடுத்துக் காட்டிய படத்தில் இரண்டே இடம் சிவந்து, மேடாகி, பொடிக் கொப்புளம் கட்டியிருந்தது. ஒன்று செருப்புத் துண்டு. இன்னொன்று 0.5 சதவீத பொட்டாசியம் டைகுரோமேட். அதாவது குரோமியம்.

"வீட்ல சிமென்ட் வேலை நடக்குதா?" என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சு வேலையில் வெறும் கையோடு கலவை அள்ளிக் கொடுத்தது நான்தான். ஈர சிமென்டில் தண்ணீரில் கரையும் வகைக் குரோமியம் உண்டு. ஐரோப்பாவில் 2005 முதல் அதை 2 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். தோலைப் பதனிடப் போடும் குரோமிய உப்பிலும் ஒரு பகுதி நாளடைவில் அதே வடிவத்துக்கு மாறக்கூடும். கைக்கு சிமென்ட், காலுக்குச் செருப்பு, காரணம் ஒன்றே.

நீர் வடிந்தவரை பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணீரில் கால் ஊறவைத்து, அப்புறம் அவர்கள் எழுதிக்கொடுத்த களிம்பைச் சொன்ன நாள் வரை போட்டேன். ஆறிவிட்டது. இந்த அலர்ஜி லேசில் போகாதாம், விலகி இருப்பதுதான் வழி. இப்போது ரப்பர் செருப்பு. தோல்தான் வேண்டுமென்றால் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டதைத் தேட வேண்டும். கடைக்காரர்களிடம் கேட்டால் "ஒரிஜினல் லெதர் சார்" என்பதோடு சரி.

எங்கள் மேஸ்திரியின் கையும் வெடித்து நீர் வடிகிறது. போய்க் காட்டுங்கள் அண்ணே என்றேன். ஒட்ட, பிரிக்க, பார்க்க என்று மூன்று நாள் போக வேண்டும், அத்தனை நாள் கூலியை யார் தருவது என்கிறார்.