ஐந்து கேனும் அமாவாசைக் கணக்கும்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். குடிக்கத்தான் இல்லை. தரைக்கடித் தொட்டியான சம்புக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது; கரண்ட் இல்லாததால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷினும் ஓடவில்லை. மாடியில் நாங்கள் நான்கு பேர், மூன்று நாள், கையில் ஒன்றரை கேன். கடைசி நாள் அம்மா மாத்திரை போட அரை டம்ளர்தான் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவசரத்துக்குக் குடிதண்ணீர் சேர்த்துவைக்கும் வேலையில் இறங்கினேன்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். குடிக்க, கொஞ்சம் சமைக்க, பல் விளக்க. மூன்று நாளுக்கு 48 லிட்டர்.

ஜனவரியில் 20 லிட்டர் கேன் இரண்டைக் கூடுதலாக வாங்கி பால்கனியில் வைத்தேன். காலை வெயில் நேராக விழும் இடம் என்பது உறைக்கவே இல்லை. ஆறே வாரத்தில் அடியில் பச்சை படர்ந்துவிட்டது. செடிகளுக்கு நல்ல விருந்து.

மார்ச்சில் கேன்களைக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி, பரணில் ஏற்றினேன். இருட்டு, குளிர்ச்சி, எல்லாம் சரி. மே கடைசியில் இறக்கும்போதுதான் 20 லிட்டர் என்றால் 20 கிலோ என்று தோள்பட்டை சொன்னது. மூடியைத் திறந்து கழுத்துக்குள் விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. லேசான பாசி வாடை வேறு. சுத்தமான தண்ணீர் ஏன் கெட்டது? ஆர்.ஓ.வுக்குள் இருக்கும் கரி ஃபில்டர் குளோரினையும் எடுத்துவிடுகிறது. கேனிலோ கையிலோ ஒட்டியிருந்த கிருமியைத் தடுக்க அதில் ஒன்றுமே மிச்சமில்லை. சென்னைக் குழாயில் வரும் மெட்ரோ வாட்டரில் நாம் மூக்கைச் சுளிக்கும் அந்தக் குளோரின் வாடைதான் சேமிப்புக்குக் காவல்.

ஜூனில் புத்தி வந்தது. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் 10 லிட்டர் வெள்ளை கேன் ஐந்து. அம்மாவாலும் நகர்த்த முடியும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிக்கொண்டேன். மெட்ரோ வாட்டரைக் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டர் அளவுக்கான குளோரின் மாத்திரையைப் பெரிய அண்டாவில் கரைத்து, அரை மணி நேரம் மூடிவைத்து, இரண்டு கேனில் பிரித்து ஊற்றினேன். அடுத்த இரண்டுக்கும் அப்படியே. ஐந்தாவதற்கு ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். (தேற்றாங்கொட்டை போதாதா என்று அம்மா கேட்டார். அது கலங்கலைத்தான் தெளியவைக்கும், கிருமிக்கு அதை நம்ப முடியாது.) கேன்களைக் கட்டிலுக்கடியில், மண்ணெண்ணெய், பினாயில் பக்கம் போகாமல் தள்ளிவைத்தேன்.

நிரப்புவது ஒரு நாள் வேலை. மாற்றுவதுதான் மறந்துபோகும். போனில் வைத்த நினைவூட்டலை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அமாவாசையை யாரும் தள்ளிப்போட முடியாது! ஆடி அமாவாசையிலிருந்து அம்மா பொறுப்பு: மாதம் ஒரு கேன், இருப்பதிலேயே பழையது, அன்றைய சமையலுக்கு. காலியானதைக் கழுவி நிரப்பி, கழுத்தில் டேப் ஒட்டித் தேதி எழுதி வரிசையின் கடைசியில் வைப்பது என் வேலை. ஐந்து மாதத்துக்கு ஒரு சுற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள், அதற்குள் முடிந்துவிடுகிறது.

அக்டோபர் 15 மழையில் வேளச்சேரி மேம்பாலம் முழுக்க கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு ஒரு ராத்திரி கரண்ட் போனது, அவ்வளவுதான். சாக்குக் கிடைத்ததென்று ஜூனில் நிரப்பிய கேன் ஒன்றைத் திறந்தேன். வழவழப்பு இல்லை, வாடை இல்லை, ஆனால் சப்பென்று இருந்தது. அம்மா இரண்டு சொம்பை எடுத்து, காபி ஆற்றுவதுபோல் நாலு தரம் ஆற்றிக் கொடுத்தார். அப்புறம் சாதாரணத் தண்ணீர்தான்.

டேப்பில் மார்க்கர் எழுத்து மட்டும் ஈரக்கை பட்டு அழிந்துபோகிறது. அடுத்த அமாவாசைக்குப் பென்சிலால் எழுதிப் பார்க்க வேண்டும்.