கதவைத் தட்டுகிற வேலை

ரொறொன்ரோவில் வீடில்லாதவர்கள் தங்கும் ஷெல்ரர் ஒன்றில் இரவு வேலை எனக்கு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிவறைக் கதவுகளைத் தட்டுவேன். "சுகமா இருக்கிறீங்களா?" உள்ளிருந்து ஏச்சு விழுந்தாலும் சந்தோஷம்தான். ஏசுகிறவருக்கு மூச்சு இருக்கிறது.

முன்பு வேலை செய்த இடத்தில், உள்ளே போதைமருந்து பாவித்துப் பிடிபட்டால் அன்றிரவே வெளியேற்றிவிடுவார்கள். ஜனவரிக் குளிரிலும்தான். அதற்காக ஒருவரும் பாவிப்பதை விடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தமில்லாமல், அவசரமாகப் பாவித்தார்கள். ஃபென்ரனில் என்கிற கடுமையான போதைமருந்து மூச்சை அடக்கச் சில நிமிடங்கள் போதும். ஒரு விடியற்காலை நாங்கள் கதவை உடைத்தபோது பிந்திவிட்டது. தேநீருக்கு மூன்று கரண்டி சீனி கேட்கிற மனிதர் அவர்.

2025 மார்ச் முடிவோடு, பள்ளிக்கூடங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் 200 மீற்றருக்குள் இருந்த, தாதியர் பார்த்திருக்கப் போதைமருந்து பாவிக்கும் நிலையங்களை ஒன்ராறியோ மாகாண அரசு அனுமதிக்கவில்லை. பல மூடப்பட்டன. அங்கே போனவர்களுக்கு இப்போது எங்கள் கழிவறைதான் மிச்சம்.

போன குளிர்காலத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் பதில் இல்லை. கீழ் இடைவெளியால் பார்த்தேன். ஒரு சப்பாத்து பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. திறந்தால் உதடு சாம்பல் நிறம், தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். ஃபென்ரனிலை முறிக்கும் நலொக்சோன் ஸ்பிரேயை மூக்கில் அடித்துவிட்டு, அவசர உதவிக்கு 911 அழைத்தோம். தலையைப் பின்னால் சாய்த்து ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு ஊதினேன். மூன்று நிமிடத்தில் இரண்டாவது ஸ்பிரே. மூச்சு வந்தது, கண் திறக்கவில்லை. இப்போது வருகிற தூளில் மிருகங்களுக்குப் பாவிக்கும் மயக்கமருந்தும் கலந்திருக்கும். நலொக்சோன் அதை முறிக்காது. கண்ணைப் பார்த்துப் பதறி ஸ்பிரேயை அடித்துக்கொண்டே இருக்கக்கூடாது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அந்தத் தம்பி பிழைத்தார்.

ஒன்ராறியோவில் மருந்துக்கடைகளில் நலொக்சோன் இலவசம். எங்கள் தமிழ்ச்சனம் நிறைய இருக்கிற ஸ்காபரோவில் இருக்கிறவர்களும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

போதைமருந்து ஏற்றுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிறோம் என்று சொன்னபோது அம்மா முகம் சுளித்தா. "நீங்களே குடுக்கிறது பாவமில்லையே பிள்ளை?" ஒரே ஊசியைப் பலர் பாவித்தால் ஹெப்பரைற்றிஸ் சீயும் எச்.ஐ.வியும் பரவும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தவ, சீனிக்காரரைப் பற்றிச் சொன்னதும், "தாய்க்கு ஆர் அறிவிச்சது?" என்றா.

ஒருவரும் இல்லை. எங்களிடம் இலக்கமே இருக்கவில்லை. அதற்குப் பிறகு, புதிதாக வருகிறவரிடம் என்ன பாவிக்கிறீர்கள் என்று கேட்குமுன், யாருக்கு அழைக்கவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.